படுகாயமடைந்தவர் வீட்டுக்கு வந்த பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பாலக்கோடு பக்கத்தில் ஒன்றரை ஏக்கரில் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறவன். உங்கள் பேப்பரைப் பதினைந்து வருடமாக டீக்கடையில் படிக்கிறேன். காசு கொடுத்து வாங்கிய நாள் குறைவு, மன்னிக்கவும். தொப்பூர் கணவாயில் விபத்து என்று செய்தி வந்தால் அதன் கடைசி வரி எனக்குப் படிக்காமலே தெரியும். "படுகாயமடைந்தவர்கள் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டனர்." இறந்தவர்களுக்குப் பெயர், வயது, ஊர் எல்லாம் போடுகிறீர்கள். படுகாயம் எத்தனை பேர் என்பதோடு மற்றவர்கள் கதை முடிகிறது. அவர்களில் ஒருவருக்குத் தலையில் அடிபட்டிருந்தால் அந்த வீட்டில் அடுத்த பத்து வருடம் என்ன நடக்கும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம். முடிந்த அளவு போடுங்கள்.

என் தம்பிக்கு 2019 பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால் நடந்தது. பெங்களூரில் டைல்ஸ் ஒட்டும் வேலை. அப்போது வயது 26. கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. அன்று இரவு வேலையை முடித்துக்கொண்டு ஓசூர், ராயக்கோட்டை வழியாக பைக்கில் ஊருக்கு வந்துகொண்டிருந்தான். ராயக்கோட்டை தாண்டி நாய் ஒன்று குறுக்கே வந்திருக்கிறது. ஹெல்மெட் தலையில்தான் இருந்தது, வார் மாட்டவில்லை. விழுந்த வேகத்தில் ஹெல்மெட் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். கீறல்கூட விழாத அந்த ஹெல்மெட்டை அம்மா இன்னும் பரண் மேல் வைத்திருக்கிறாள். எடுத்துப் போட்டுவிடலாம் என்றால் விட மாட்டாள்.

108 வந்து எடுத்துப் போனது. அப்புறம் ஒரு பெரிய தனியார் மருத்துவமனை. மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் உறைந்த ரத்தத்தை எடுத்தார்கள். ஆறு நாள் நினைவில்லை. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில்தான் வந்தது. எங்களுக்கு அது இல்லை. அம்மா கழுத்திலும் என் மனைவி கழுத்திலும் இருந்தது அடகுக்கடைக்குப் போனது. அந்தக் கணக்கு இங்கே வேண்டாம்.

ஏழாம் நாள் கண்ணைத் திறந்தான். இருபத்து மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். எந்த மாத்திரை எத்தனை வேளை, எப்போது திரும்ப வர வேண்டும் என்று சொன்னார்கள். அவன் உயிரைக் காப்பாற்றியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இந்தப் பையன் இனிமேல் எப்படி இருப்பான் என்று அன்றைக்கு யாராவது பத்து நிமிடம் எங்களை உட்கார வைத்துச் சொல்லியிருந்தால், எங்கள் வீட்டில் நடந்த சண்டையில் பாதி நடந்திருக்காது.

இரண்டு மாதத்தில் நன்றாக நடந்தான். கை கால் எதுவும் இழுக்கவில்லை. பேச்சு தெளிவு. தலையில் முடி வளர்ந்து தழும்பை மூடிவிட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாம், "ஆளு நல்லாத்தானே இருக்கான், அப்புறம் என்ன?" என்று கேட்டுவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார்கள். ஏழு வருடமாக எங்களைக் கொன்றது அந்த ஒரு வார்த்தைதான்.

நல்லாத்தான் இருந்தான். ஆனால் காலையில் எழுப்பினால் எழுவான், எழுப்பாவிட்டால் மதியம் வரை படுத்திருப்பான். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவான், வைக்காவிட்டால் பசிக்கிறது என்று சொல்ல மாட்டான். தோட்டத்தில் மோட்டாரைப் போட்டுவிட்டு வா என்றால் பாதி வழியில் எதற்கு வந்தோம் என்று நின்றுவிடுவான். அதிர்ந்து பேசாதவன், சின்ன விஷயத்துக்குத் தட்டைத் தூக்கி எறிவான், அரை மணி கழித்து எதுவும் நடக்காத மாதிரி டிவி பார்ப்பான். அதுவும் பத்து நிமிடத்துக்கு மேல் முடியாது, தலையைப் பிடித்துக்கொண்டு இருட்டில் போய் உட்காருவான். உடம்பில் இத்தனை சோம்பல் எங்கிருந்து வந்தது என்று ஊரே பேசியது. நானும்தான் பேசினேன்.

இன்னொன்று, வாசனை போய்விட்டது. இதை நாங்கள் கண்டுபிடித்ததே ஒன்றரை வருடம் கழித்துத்தான். புழு வளர்க்கிற கொட்டகையை, புழு மனை என்போம், மூடி பிளீச்சிங் பவுடர் கரைசல் அடித்துக்கொண்டிருந்தேன், கூட நின்றான். எனக்கு மூச்சு முட்டி வெளியே ஓடி வந்தேன். அவன் கண்ணில் நீர் வழிய உள்ளேயே நிற்கிறான். "என்னடா, நெடி அடிக்கலையா?" என்றால், "என்ன நெடி?" என்கிறான். தலை வேகமாக மோதும்போது மூக்கிலிருந்து மூளைக்குப் போகிற மெல்லிய நரம்புகள் அறுந்துபோகும், இது தலைக்காயத்தில் அடிக்கடி நடப்பதுதான் என்று பிறகு தெரிந்தது. அதுவரை களி அடிப்பிடித்ததுகூடத் தெரியாமல் தின்கிறான் என்று திட்டிக்கொண்டிருந்தோம். கேஸ் கசிந்தாலும் அவனுக்குத் தெரியாது. அதற்குப் பிறகுதான் அடுப்படியில் அவனைத் தனியாக விடாமல் பார்த்துக்கொள்கிறோம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வலிப்பு வராமல் இருக்கக் கொடுத்த மாத்திரை தீர்ந்தது. ஒரு வருடமாக ஒன்றும் வரவில்லையே, இனி எதற்கு என்று நாங்களே முடிவு செய்து நிறுத்தினோம். அந்த ஆடியில் பங்காளிகள் கூப்பிட்டார்கள் என்று போய்க் குடித்துவிட்டு வந்தான். விடியற்காலை வலிப்பு. நாக்கைக் கடித்து ரத்தம். பேய் என்றார்கள், செய்வினை என்றார்கள். கோயிலுக்கும் கூட்டிப் போனோம். அதில் தப்பில்லை, அம்மா மூன்று நாள் நிம்மதியாகத் தூங்கினாள். ஆனால் காரணம் அதுவல்ல. அடிபட்ட இடத்தில் இருக்கும் தழும்பு மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் கழித்தும் வலிப்பைக் கிளப்பும். மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவதும் சாராயமும் தூக்கம் கெடுவதும் அதற்கு வழி விடும். வலிப்பு வந்தால் பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கையில் சாவி கொடுக்கத் தேவையில்லை. எங்கள் தெருவில் அன்றைக்கு மூன்று சாவிக் கொத்து வந்தது.

அதே வருடம் அவன் மனைவி குழந்தையோடு அரூரில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அவளை யாரும் பேசக்கூடாது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். இருபத்து மூன்று வயதுப் பெண். போகும்போது என்னிடம், "மாமா, நான் கட்டிக்கிட்டவரு பெங்களூர்ல இருந்து இன்னும் வரவே இல்ல" என்றாள். நரம்பியல் மருத்துவர்கள் பக்கம் பக்கமாகச் சொன்னதை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள். கை கால் விளங்காமல் போவதைவிட, ஆளின் குணம் மாறிப்போவதுதான் வீட்டில் இருப்பவர்களுக்குத் தாங்க முடியாதது. அனுபவித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அந்த டிசம்பரில் நான் ஒரு காரியம் செய்தேன். புழு தோலுரிக்கிற நாலாம் தூக்கம் முடிந்து எழுந்திருந்த நேரம். பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்குத் தெரியும், கடைசி ஏழெட்டு நாளில்தான் அது மொத்த இலையில் பெரும்பங்கைத் தின்னும். அப்போது ஒரு வேளை இலை தவறினால் கூட்டில் தெரிந்துவிடும். நான் வங்கிக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டு மணிக்கு இலை போடு என்று சொல்லிவிட்டுப் போனேன். ஐந்து மணிக்கு வந்து பார்த்தால் புழு வெறும் தண்டில் ஊர்ந்துகொண்டிருக்கிறது, இவன் திண்ணையில் படுத்திருக்கிறான். கத்தினேன். அவன் பக்கத்தில் இருந்த சொம்பை எறிந்தான், அது அம்மா தோளில் பட்டது. கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். தலையில் அடிபட்டவனை.

அப்புறம்தான் மூளை, நரம்பு, மனநோய் எல்லாம் பார்க்கிற பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்குப் போனோம், 2021 பிப்ரவரியில். பாலக்கோட்டில் ரயில் ஏறிப் போகலாம், நேரம் ஒத்துவந்தால். இல்லாவிட்டால் நாலு மணிக்கு எழுந்து பஸ் மாறி மாறிப் போக வேண்டும். ஓசூர் ரோட்டிலேயே இருப்பதால் இறங்கும் இடம் சுலபம். இரண்டு பேருக்கு ஒரு நாள் பிழைப்பு போகும்.

அங்கே ஒரு மருத்துவர் பழைய காகிதங்களை வாங்கிப் பார்த்தார். 'ஜிசிஎஸ் 6' என்று எழுதியிருந்ததைக் காட்டி விளக்கினார். கண்ணைத் திறக்கிறாரா, பேசுகிறாரா, கை காலை அசைக்கிறாரா என்று பார்த்து மூன்றிலிருந்து பதினைந்து வரை போடுகிற மதிப்பெண் அது. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ என்ற ஊரில் இரண்டு மருத்துவர்கள் 1974இல் கொண்டுவந்த முறை. எட்டும் அதற்குக் கீழும் என்றால் கடுமையான காயம். பிறகு அவர் கேட்ட கேள்வி எனக்கு விசித்திரமாக இருந்தது. "கண் திறந்ததைக் கேட்கவில்லை. நேற்று நடந்ததை இன்றைக்குத் தொடர்ச்சியாக நினைவு வைத்துச் சொல்ல எத்தனை நாள் ஆச்சு?" யோசித்துப் பார்த்தால் ஐந்து வாரம் ஆகியிருக்கும். வீட்டுக்கு வந்த பிறகும் தினமும், "நான் எப்ப வந்தேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அந்த மறதிக் காலம் எவ்வளவு நீளமோ, அந்த அளவுக்குப் பின்னால் சிரமமும் நீளும் என்றார்.

அடி எவ்வளவு பலம், மூளைக்கு ரத்தமும் ஆக்சிஜனும் எவ்வளவு நேரம் குறைந்தது, எத்தனை சீக்கிரம் ஆபரேஷன் நடந்தது, வயது என்ன, முன்பே தலையில் அடிபட்டிருக்கிறதா, இதெல்லாம் முடிந்துபோன கணக்கு. நாம் மாற்ற முடியாது. வயது குறைவு என்பது உங்களுக்கு நல்லது என்றார். மீதி எல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதில் இருக்கிறதாம். தூக்கம், குடி, வலிப்பு மாத்திரை, மனச்சோர்வைக் கவனிப்பது, செய்ய ஒரு வேலை இருப்பது, கூட இருப்பவர்கள் புரிந்துகொள்வது. முதல் ஆறு மாதம், ஒரு வருடம் வேகமாகத் தேறும். பிறகு வேகம் குறையும், ஆனால் கதவு மூடிவிடாது. நாங்கள் அந்த வேகமான காலத்தை முழுக்கத் திட்டியே தீர்த்திருந்தோம்.

மனச்சோர்வு என்றதும் எனக்குச் சுருக்கென்றது. "நான் அன்னிக்கே போயிருக்கலாம்" என்று அவன் இரண்டு மூன்று தடவை அம்மாவிடம் சொல்லியிருந்தான். கெட்ட பேச்சு பேசாதே என்று அடக்கிவிட்டோம். அது பேச்சு இல்லை, நோய்க்குறி, அதற்கு மருந்து உண்டு என்றார்கள். மருந்து கொடுத்த இரண்டாம் மாதம் அவன் தானாகவே ஒரு நாள் சவரம் செய்துகொண்டு வந்து நின்றான். அம்மா அடுப்படியில் போய் அழுதாள்.

உளவியல் பிரிவில் ஒரு அம்மா அவனிடம் பதினைந்து வார்த்தை சொல்லித் திரும்பச் சொல்ல வைத்தார், படம் வரையச் சொன்னார், கட்டம் அடுக்கச் சொன்னார். மூளையின் முன்பக்கம் அடிபட்டால் ஒரு வேலையைத் தொடங்குகிற திறனே குறைந்துபோகும், உடம்பில் தெம்பு இருந்தும் முதல் அடி எடுத்து வைக்க வராது, அது சோம்பல் இல்லை என்று எனக்குப் புரிய வைத்தவர் அவர்தான். அதனால்தான் அவன் டைல்ஸ் வேலைக்குத் திரும்ப முடியவில்லை. அளந்து, வெட்டி, எது முன்னால் எது பின்னால் என்று மனசில் வைத்துச் செய்கிற வேலை அது. 2019 கடைசியில் ஒரு மேஸ்திரி பாவம் பார்த்துக் கூப்பிட்டு, மூன்றே நாளில் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு பாத்ரூம் முழுக்கச் சாய்வு மாற்றி ஒட்டியிருந்தானாம், தண்ணீர் வாசலுக்கு வருகிறது.

"வீட்டில் என்ன தொழில்?" என்று அந்த அம்மா கேட்டார். பட்டுப்புழு என்றேன். "ரொம்ப நல்லதாச்சே" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. தினமும் அதே நேரம், அதே வேலை, கூட்டம் கிடையாது, சத்தம் கிடையாது. இவனுக்கு இதைவிட நல்ல மருத்துவம் நான் எழுதித்தர முடியாது என்றார்.

சுவரில் ஒரு கரும்பலகை மாட்டினேன். காலை 6, மதியம் 2, இரவு 9. போட்டு முடித்ததும் அவனே டிக் அடிக்க வேண்டும். அவன் செல்போனில் மூன்று அலாரம். புழு வளர்த்துக் கூடு எடுப்பது ஒரு ஈடு. முதல் இரண்டு ஈடு நான் பின்னாலேயே நின்றேன். வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. புழு தூங்கும்போது தூவ வேண்டிய சுண்ணாம்புத்தூளை அது தூங்கும் முன்பே தூவிவிட்டான் ஒரு தடவை. பலகையில் இன்னொரு வரி சேர்த்தோம்: 'எல்லாம் தலை தூக்கி அசையாமல் நிற்கிறதா, பார்.' ஐந்தாவது ஈட்டில் நான் ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தேன். பலகையில் ஆறு டிக்கும் இருந்தன. புழுப் படுக்கை நாறினால் அவனுக்குத் தெரியாது, அதற்கு மட்டும் அம்மா தினம் ஒரு தடவை வந்து மூக்கை நீட்டிவிட்டுப் போவாள். தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு அவன் வர மாட்டான், அந்தக் கூட்டமும் இரைச்சலும் தலைக்குள் இடிக்கிறதாம். சரி, விற்பது என் வேலை. மதியம் இரண்டு மணி இலை போட்டதும் ஒரு மணி நேரம் கண்டிப்பாகப் படுப்பான். முன்பு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். இப்போது நானே பாய் எடுத்துப் போடுகிறேன்.

எல்லார் வீட்டிலும் புழு மனை இருக்காது என்பது எனக்குத் தெரியும். எங்களுக்கு நிம்ஹான்ஸ் ஒரு நாள் தூரம். பென்னாகரம் மலையோரத்தில் இருப்பவருக்கு, அஞ்செட்டிக்காரருக்கு? தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலிருந்தும் எத்தனை பேர் கட்டட வேலைக்குப் பெங்களூர் போகிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாரத்திலிருந்து விழுகிறவர், பைக்கில் விழுகிறவர் என்று எங்கள் பஞ்சாயத்தில் மட்டும் தலையில் அடிபட்டு வீட்டில் கிடப்பவர்கள் நான்கு பேரை எனக்கே தெரியும். அவர்களில் ஒருவரைக் குடிகாரன் என்றும் ஒருவரைப் பைத்தியம் என்றும் சொல்கிறார்கள்.

ஒரு முகாமில் மாற்றுத்திறனாளி சான்றிதழ் கேட்டுப் போனோம். கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினான். நடக்கச் சொன்னார்கள், நடந்தான். முடிந்தது. 2016ஆம் வருடத்துச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியல் போட்டிருக்கிறது. அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர் உண்டு, பார்கின்சன் நோய் உண்டு, சரிதான். தலைக்காயம் என்று தனியாகப் பெயர் சொல்லி ஒரு வரி இல்லை. அறிவுத்திறன் குறைவு என்று போடலாமா, மனநோய் என்று போடலாமா, எதிலும் இவன் முழுசாகப் பொருந்த மாட்டான். 40 சதவீதம் வந்தால்தான் பலன்கள். மறதிக்கு எத்தனை சதவீதம் என்று அளக்க உளவியல் சோதனை வேண்டும், கையைத் தூக்கிக் காட்டினால் தெரியாது.

மறுவாழ்வு மருத்துவம் நம் பக்கத்துக்குப் புதுசும் இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் 1966இலேயே அதற்கென்று தனி நிலையம் தொடங்கிவிட்டார்கள். தொடங்கிய மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர். அதற்குப் பிறகு அறுபது வருடம் ஓடிவிட்டது. தர்மபுரியில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கிருஷ்ணகிரியிலும் 2022இல் வந்துவிட்டது. பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை மாதிரி வட்டத்து மருத்துவமனையில் வாரத்தில் ஒரு நாள், தலைக்காயம் பட்டவர்களுக்கு என்று ஒதுக்கினால் போதும். பிசியோதெரபி மட்டும் போதாது, நினைவு, பேச்சு, மனசு இதையெல்லாம் பார்க்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

அதுவும் உடனே முடியாது என்றால் இன்னொன்று. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கியதே எங்கள் பக்கத்து மாவட்டத்தில்தான், சூளகிரி பக்கம் சாமனப்பள்ளியில். எங்கள் வீட்டுக்கே ஒரு சகோதரி வந்து அம்மாவுக்குப் பிரஷர் பார்த்து மாத்திரை தருகிறார். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் அதில் உண்டு. அந்தச் சகோதரி வீடு வீடாகப் போகும்போது, "இங்கே யாருக்காவது தலையில் அடிபட்டிருக்கா? அதுக்கப்புறம் ஆளு மாறியிருக்காரா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வரட்டும். அந்த இரண்டாவது கேள்வியை எங்களிடம் யாரும் கேட்டதே இல்லை. டிஸ்சார்ஜ் அன்றைக்குத் தமிழில் ஒரே ஒரு தாள் கொடுக்கச் சொல்லுங்கள். கோபம் வரும், மறதி வரும், வாசனை போகலாம், படுத்தே கிடப்பது சோம்பல் அல்ல, மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், குடிக்கக் கூடாது, இன்னொரு தடவை தலையில் அடிபடாமல் பாருங்கள். இவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். தொப்பூரில் படுகாயம் என்று நீங்கள் எழுதியவர்களில் ஒருவர் வீட்டுக்கு ஒரு வருடம் கழித்து நிருபரை அனுப்புங்கள். நடக்கிறாரா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம். ஒரு பகல் முழுக்க உட்காரச் சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்தை அனுப்பும் முன் தம்பியிடம் படித்துக் காட்டினேன். பெயர் போட வேண்டாம் என்றான், அவன் மகள் இப்போது பேப்பர் படிக்கிறாளாம். இரண்டு இடத்தில் நிறுத்தினான். அந்தப் பாத்ரூமில் சாய்வு தப்பாக இருந்ததற்குத் தரையே காரணம் என்று சொன்னான், சரி, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு இடம், அந்த டிசம்பர் மாதக் கதை. அது அவனுக்கு நினைவிருக்காது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அதனால் படிக்கும்போது அந்தப் பத்தியை விட்டுவிட்டுத் தாண்டினேன். "நீ அறைஞ்சத எழுதலையா?" என்று கேட்டான்.

இப்படிக்கு,
பட்டுப்புழு விவசாயி ஒருவர்,
பாலக்கோடு வட்டம், தர்மபுரி மாவட்டம்.